போன் சொன்ன பூ வேறு, போடி மலைப் பூ வேறு!

மலைக்குப் போய் வந்தவர்கள் அனுப்பும் போட்டோக்களில் ஒரு வகை அடிக்கடி வரும். ஈரப் பாறை, ஓரத்தில் பாசி, நடுவில் விரல் நகம் அளவுக்கு வெளிர் ஊதாவில் ஒரு பூ. கூடவே ஒரு ஸ்க்ரீன்ஷாட். செடியின் பெயர் சொல்லும் ஆப், ‘வயோலா ஒடோரேட்டா, மணமுள்ள வயலட், தாயகம் ஐரோப்பா’ என்று தீர்ப்பு எழுதியிருக்கும். அதற்குக் கீழே வழக்கமான கேள்வி: “இந்த ஐரோப்பாப் பூ எப்படிங்க டாப் ஸ்டேஷனுக்கு வந்துச்சு? வெள்ளைக்காரங்க கொண்டுவந்து நட்டதா?”

நியாயமான கேள்விதான். போடிக்கு மேலே இருக்கும் மலையில் வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன தடயம் நிறைய. டாப் ஸ்டேஷன் என்ற பெயரே அப்படி வந்ததுதான். மூணாறு தேயிலையை ரயிலில் அங்கே கொண்டுவந்து, ரோப்வே வழியாக அடிவாரத்தில் இருக்கும் கொட்டகுடிக்கு இறக்கி, போடிக்கு அனுப்பினார்கள். 1924 வெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போய்விட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது. தேயிலை, யூகலிப்டஸ் என்று இவ்வளவு கொண்டுவந்தவர்கள் ஒரு பூவையும் கொண்டுவந்திருக்க மாட்டார்களா?

பழைய பங்களா தோட்டத்தில் எடுத்த படம் என்றால், நட்டு வளர்த்ததாக இருக்க வாய்ப்பு உண்டு. சோலைக்காட்டின் ஓரத்திலோ மலை உச்சிப் புல்வெளியிலோ தானாகப் பூத்தது என்றால் கதையே வேறு. தேயிலை வருவதற்கு முன்பிருந்தே மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கும் சொந்த வயலட்கள் நமக்கு உண்டு.

அப்படியானால் ஆப் ஏன் ஐரோப்பாவைக் காட்டுகிறது? அது இதுவரை பார்த்த போட்டோக்களை வைத்துத்தான் பழகியிருக்கிறது. ஐரோப்பிய வயலட்டை அங்கே பல தலைமுறையாகப் படம் எடுத்துக் குவித்திருக்கிறார்கள். பழனி மலை வயலட்டைப் படம் எடுத்தவர்கள் அந்த அளவுக்கு இல்லை. தெரிந்த முகத்தின் சாயல் தெரிந்தால் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது மனிதர்களுக்கும் உள்ள பழக்கம்தானே.

எது வயலட்?

வயலட் கலரில் இருப்பதெல்லாம் வயலட் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடலாம். நர்சரியில் சின்னத் தொட்டியில் விற்கும் ‘ஆப்பிரிக்கன் வயலட்’ பெயரில் மட்டும்தான் வயலட். அது வேறு குடும்பம், தான்சானியா, கென்யா பக்கத்துச் செடி. ஆனால் ஊட்டி, கொடைக்கானல் மலர்க் கண்காட்சியில் நாம் செல்ஃபி எடுக்கும் பான்சி, முகம் வரைந்தது போல இருக்குமே, அது அசல் வயலட் இனம். அந்த முகத்தைச் சின்னதாக்கி, மேக்கப்பைக் கழுவிவிட்டால் காட்டு வயலட் எப்படி இருக்கும் என்று புரிந்துவிடும்.

ஐந்து அல்லி இதழ்கள். மேலே இரண்டு, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு, கீழே ஒன்று. கீழ் இதழில் அடர் நிறத்தில் கோடுகள் ஓடும். பூச்சிக்கு ‘இந்தப் பக்கம் வா’ என்று போட்ட ரோடு மார்க்கிங் அது. ஏலத்தோட்டத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு இது புதிதாக இருக்காது. தரையோடு தரையாகப் பூக்கும் ஏலப் பூவின் வெள்ளை இதழிலும் இதே மாதிரி ஊதாக் கோடுகள் உண்டு. இரண்டுக்கும் உறவு கிடையாது, வேலை மட்டும் ஒன்று.

வயலட்டின் கோடுகள் போய்ச் சேரும் இடம்தான் முக்கியம். கீழ் இதழ் பின்பக்கமாக நீண்டு ஒரு சின்ன வால் மாதிரி, மூடிய பை மாதிரி இருக்கும். தேன் அதற்குள். முன்னாலிருந்து மட்டும் போட்டோ எடுத்தால் இந்த வால் படத்திலேயே வராது. அடையாளம் காண வேண்டிய பாதி விஷயம் அதில்தான் இருக்கிறது!

வால் இருப்பதாலேயே வயலட் என்று சொல்லிவிடவும் முடியாது. போடிமெட்டுக்கு மேலே மழைக்காலத்தில் ரோட்டோரப் பாறைகளில் கொத்துக் கொத்தாக இளஞ்சிவப்பில் பூத்திருப்பவை பெரும்பாலும் காசித்தும்பைக் குடும்பம். அதற்கும் வால் உண்டு. ஆனால் காசித்தும்பையின் வால் புல்லி இதழிலிருந்து வருவது, வயலட்டின் வால் அல்லி இதழிலிருந்து. இந்தக் கணக்கு குழப்பினால் காயைப் பாருங்கள். காசித்தும்பைக் காய் தொட்டவுடன் வெடித்துச் சுருளும், சின்ன வயதில் எல்லோரும் விளையாடியதுதான். வயலட் காய் மூன்றாகப் பிளந்து, ஒவ்வொரு பிளவும் சின்னப் படகு போலத் திறக்கும். காயக் காய அந்தப் படகின் இரண்டு ஓரமும் நெருங்கி, ஈர விதையை விரலால் பிதுக்குவது போலத் தெறிக்க வைக்கும்.

ஐரோப்பாவில் ஒரு வாலுக்காக நடக்கும் பஞ்சாயத்து

உலகத்தில் வயலட் இனத்தில் மட்டும 600க்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. ஐரோப்பியக் காடுகளில் வசந்தம் தொடங்கும்போது பூப்பவற்றைப் பிரித்துச் சொல்வது, அங்கே செடி பார்ப்பதைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவர்களுக்கே தலைவலி.

நம் ஆப் ஆசையாகச் சொல்லும் ஒடோரேட்டாவைப் பிடிப்பது ஓரளவு எளிது. மணம் இருக்கும். இலைகள் நேராகத் தரையிலிருந்து கிளம்பும், புல்லி இதழின் நுனி மழுங்கியிருக்கும், வல்லாரை போல ஓடுதண்டு விட்டுப் பரவும். அதைப் போலவே இருக்கும் ஹிர்ட்டாவுக்கு முடி அதிகம், ஓடுதண்டும் இல்லை, மணமும் இல்லை. மணத்தை மட்டும் நம்பிப் போகவும் முடியாது. வயலட் மணத்துக்குக் காரணம் அயனோன் என்ற வேதிப்பொருள். அதை முகர்ந்த சில நொடியில் மூக்கு அந்த மணத்தை உணர்வதை நிறுத்திவிடும், கொஞ்சம் பொறுத்து மறுபடி தெரியும் என்பார்கள். இரண்டாவதாக முகர்ந்து பார்ப்பவர் ‘மணமே இல்லையே’ என்று சண்டைக்கு வந்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

மணமில்லாத காட்டு வயலட்களை ஆங்கிலத்தில் ‘டாக் வயலட்’ என்பார்கள். நாய்க்கு ஏன் இந்தப் பழி என்று யோசிக்க வேண்டாம், நாமும் அதைத்தான் செய்கிறோம். நாய்வேளை, நாய்த்துளசி, பேய்ப்புடல்... அசலைப் போலவே இருந்து அசலின் குணம் இல்லாததற்கெல்லாம் நாயையும் பேயையும் முன்னால் போட்டுவிடுவது ஊர் உலகத்துக்கே பொது வழக்கம் போல.

உண்மையான பஞ்சாயத்து இந்த நாய் வயலட்களுக்குள்தான். ரிவினியானா, ரைச்சன்பாக்கியானா என்று இரண்டு. ஒரே காட்டில், ஒரே மரத்தடியில்கூட இரண்டும் இருக்கும். இரண்டிலும் இலையுள்ள தண்டிலிருந்தே பூ வரும், இலை இதய வடிவம், பூ ஊதா. பிரிப்பதற்கு வாலைப் பார்க்க வேண்டும். ரிவினியானாவின் வால் தடித்து, இதழைவிட வெளுத்து, நுனியில் ஒரு சின்னப் பள்ளத்தோடு இருக்கும். ரைச்சன்பாக்கியானாவின் வால் ஒல்லியாக, இதழைவிட அடர்ந்த ஊதாவில், பள்ளம் இல்லாமல் முடியும். இதழ்களும் குறுகல், பூப்பதும் கொஞ்சம் முந்தி. இன்னும் சந்தேகம் என்றால் புல்லி இதழ்களின் பின்பக்கம் நீண்டிருக்கும் சின்ன ஒட்டுப் பகுதியைப் பார்ப்பார்கள். முதலாவதில் பெரிதாகவும் இரண்டாவதில் சிறிதாகவும் இருக்கும்.

இதில் ஒரு வேடிக்கை. ரிவினியானா என்பது ரிவினஸ் என்ற தாவரவியலாளரின் நினைவாக ரைச்சன்பாக் வைத்த பெயர். பின்னால் வந்தவர்கள் அடுத்த பூவுக்கு ரைச்சன்பாக்கின் பெயரையே வைத்துவிட்டார்கள். பூக்களும் சும்மா இருக்கவில்லை. இரண்டும் கலந்து ஒரு கலப்பினத்தையும் உண்டாக்கியிருக்கின்றன. அதன் வால் எப்படி இருக்கும்? அதுவும் இரண்டுக்கும் நடுவில்!

மில்லிமீட்டர் கணக்கில் ஒரு வாலை அளக்கிறார்களே, வேறு வேலை இல்லையா என்று தோன்றலாம். அந்தப் பூவையே நம்பி ஒரு கூட்டம் இருக்கிறது. ஃப்ரிட்டிலரி என்ற ஆரஞ்சு நிற வண்ணத்துப்பூச்சிகள் பலவற்றின் புழு, வயலட் இலையைத்தான் தின்னும். ‘சில்வர் வாஷ்டு’ என்று ஒரு வகை. அது முட்டையை வயலட்டில்கூட இடாது. பக்கத்து மரத்தின் பட்டை இடுக்கில் இட்டுவிட்டுப் போய்விடும். முட்டையிலிருந்து வந்த புழு, குளிர்காலம் முழுக்கப் பட்டைக்குள் தூங்கி, வசந்தத்தில் மரத்திலிருந்து இறங்கி வயலட்டைத் தேடிப் போகும். அது இறங்கி வரும்போது கீழே வயலட் இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தப் புழுவுக்கு அடுத்த சாப்பாடு கிடையாது.

நம்ம மலையின் மூன்று

மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், பழனி மலை, நீலகிரி, மூணாறு உயரங்களில் முக்கியமாகச் சொல்லப்படுபவை மூன்று. மூன்றுக்கும் இலையைப் பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும். இந்த விஷயத்தில் ஐரோப்பாக்காரர்களைவிட நாம் அதிர்ஷ்டசாலிகள்.

முதலாவது வயோலா பைலோசா. ஒடோரேட்டா என்று ஆப் ஏமாறுவது இதைப் பார்த்துத்தான் என்பது என் ஊகம். இதற்கும் தண்டு தெரியாது, இலை தரையிலிருந்தே வரும், ஓடுதண்டும் விடும். பூ வெளிர் ஊதா அல்லது ஏறக்குறைய வெள்ளை. வால் குட்டையாக, தடித்த பை போல இருக்கும். வித்தியாசம் இலை நுனியிலும் புல்லி இதழிலும். ஒடோரேட்டாவின் இலை உருண்டை வாட்டமானது, பைலோசாவின் இலை வெற்றிலை போலக் கூராக முடியும். ஒடோரேட்டாவின் புல்லி இதழ் மழுங்கல், இதற்குக் கூர். சோலைக்காட்டின் ஓரம், ஈர நிழல், வழித்தடத்தின் கரை என்று இருக்கும்.

இரண்டாவது வயோலா பெட்டோனிசிஃபோலியா. இதற்கு இதய வடிவ இலையே கிடையாது. நீண்ட முக்கோணம், ஈட்டி முனை மாதிரி. இலைக்காம்பின் இரண்டு பக்கமும் மெல்லிய விளிம்பு ஓடும். ஓடுதண்டு விடாது. இது புல்வெளிக்காரர். இமயமலையிலிருந்து ஜப்பான், ஆஸ்திரேலியா வரை பரவியிருக்கும் ஊர்சுற்றி.

மூன்றாவது வயோலா ஹாமில்டோனியானா. இதற்கு இலையுள்ள தண்டு தெளிவாகத் தெரியும். பூ சின்னது, வெள்ளை வாட்டம், கீழ் இதழில் ஊதாக் கோடு. நீர்க்கசிவுள்ள இடங்களில் தேட வேண்டும்.

மூன்றையும் பூ இல்லாத நாளில்கூட அடையாளம் காணலாம் என்பதால்தான் இலையைப் பற்றி இவ்வளவு பேசுகிறேன். வயலட்களில் பலவற்றுக்கு இன்னொரு ரகசியமும் உண்டு. அழகான பூக்கள் முடிந்த பிறகு, திறக்கவே திறக்காத மொட்டு மாதிரி சின்னப் பூக்களை விடும். உள்ளேயே தன் மகரந்தச் சேர்க்கையை முடித்துக்கொண்டு நேராகக் காயாகிவிடும். ‘பூவே இல்லாமல் எப்படிக் காய்த்தது’ என்று செடியைப் பார்த்துக் குழம்பியவர்கள் உண்டென்றால் காரணம் இதுதான். விதையின் ஒரு முனையில் எறும்புக்குப் பிடித்த கொழுப்பு ஒட்டியிருக்கும். எறும்பு விதையைப் புற்றுக்கு இழுத்துப்போய், கொழுப்பைத் தின்றுவிட்டு விதையைத் தூக்கிப் போட்டுவிடும். ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி எல்லாம் அந்தச் சொட்டுக் கொழுப்பில் அடக்கம்.

ஆப் வருவதற்கு முன்னால் இதையெல்லாம் யார் பிரித்தார்கள்? ராபர்ட் வைட் 1836இல் பழனி மலை ஏறிச் செடிகளைப் பதிவு செய்தார். ஆல்ஃபிரட் போர்ன், அவர் மனைவி எமிலி இருவரும் கொடைக்கானல் பக்கம் வருடக்கணக்கில் செடி சேகரித்தார்கள். சென்னை மாநிலக் கல்லூரியில் இருந்த ஃபைசன், 1915 முதல் 1920 வரை நீலகிரி, பழனி மலை உச்சிகளின் செடிகளைப் படங்களோடு புத்தகமாகக் கொண்டுவந்தார். அந்தப் படங்களில் பல அவர் மனைவி வரைந்தவை. அதற்குப் பிறகு திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியின் ராபினட் ஹெர்பேரியத்தை நடத்திய பாதிரியார் கே.எம்.மேத்யூ. பழனி மலைத் தாவரங்களுக்கென்றே 1999இல் மூன்று பெரிய தொகுதிகள் வெளியிட்டார். காய்ந்த செடியைத் தாளில் ஒட்டி, இடமும் தேதியும் எழுதி அடுக்கி வைத்த அந்தப் பீரோக்கள்தான், நம் மலையில் எந்தச் செடி எங்கே இருந்தது என்பதற்கான ரெக்கார்டு.

பூவுக்குப் பின்னால் ஒரு புழு

ஐரோப்பியக் கதையில் வந்த ஃப்ரிட்டிலரிக்கு நம் மலையில் ஒரு சொந்தம் உண்டு. பெயரே பழனி ஃப்ரிட்டிலரி. ஆரஞ்சுச் சிறகில் கறுப்புப் புள்ளிகள். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடி உயரங்களில் மட்டும் வாழ்வது, உலகத்தில் வேறு எங்கும் கிடையாது. அதன் புழுவும் வயலட் இலைதான் தின்னும்.

அது பறக்கும் மலை உச்சிப் புல்வெளிகளின் நிலைமை என்ன? பழனி மலையை செயற்கைக்கோள் படங்களில் ஒப்பிட்டுப் பார்த்து 2018இல் ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சுமார் 40 வருடத்தில் அங்கிருந்த புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. ரியல் எஸ்டேட்காரர்கள் வந்து அழித்தார்கள் என்று நினைப்போம். பெரும் காரணம் மரங்கள்! சீகை, பைன், யூகலிப்டஸ் என்று நட்ட தோட்டங்களும், தானாகப் பரவிய சீகையும், கூடவே விவசாயமும். புல்வெளியைப் ‘பொட்டல்’ என்று நினைத்து மரம் நட்டதன் விளைவு. ‘மரம் நடுவோம்’ ஸ்டேட்டஸ் போடும் எல்லோருக்கும், எனக்கும் சேர்த்துத்தான், இது கொஞ்சம் சங்கடமான செய்தி. முழங்கால் உயரப் புல்லுக்கு நடுவே விரல் உயரத்தில் இருக்கும் ஒரு வயலட், மேலே சீகை மூடினால் என்ன ஆகும் என்று யாரும் கணக்குப் போடவில்லை.

இங்கேதான் ஆப் சொன்ன தப்புப் பெயர் நிஜமாகவே இடிக்கிறது. ‘ஐரோப்பிய வயலட், தோட்டத்திலிருந்து தப்பி வந்தது’ என்று பெயர் எழுதிவிட்டால், அந்தச் செடி அழகுக்கு வந்த விருந்தாளி ஆகிவிடும். இருந்தாலும் போனாலும் ஒன்று. பைலோசா என்றோ பெட்டோனிசிஃபோலியா என்றோ எழுதினால் அது ஒரு வண்ணத்துப்பூச்சியின் ரேஷன் கடை. அது எந்தப் புல்வெளியில், எந்த ஓரத்தில் இன்னும் இருக்கிறது என்பது கணக்கில் வர வேண்டிய விஷயம்.

போடி ஊருக்குள்ளேயே ஒரு சொந்தக்காரர்

வயலட் பார்க்க மலை ஏற வேண்டும் என்று நினைத்தால் அதுவும் தேவையில்லை. இந்தக் குடும்பத்தில் ஒருவர் கீழே, நம் கரட்டு நிலத்தில், வயல் வரப்பில், செம்மண் ரோட்டோரத்தில் இருக்கிறார். பெயரைச் சொன்னால் ‘அதுவா’ என்பீர்கள். ஓரிதழ் தாமரை!

தாமரைக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஒரு சாண் உயரச் செடி, ஒடுங்கிய இலை, இலைக் கக்கத்தில் தனியாக ஒரு பூ. பார்த்தால் ஒரே ஒரு இளஞ்சிவப்பு இதழ்தான் கண்ணுக்குத் தெரியும். மீதி நான்கும் இருக்கின்றன, ஆனால் கூர்ந்து பார்த்தால்தான் தெரியும் அளவுக்குக் குட்டி. மேலே மலையில் இருக்கும் வயலட்டின் கீழ் இதழை மட்டும் இழுத்துப் பெரிதாக்கி, மற்ற நான்கையும் சுருக்கினால் கிடைப்பது இதுதான். காயைப் பார்த்தால் உறவு பளிச்சென்று தெரியும், அதே மூன்று பிளவு. 1753இல் லின்னேயஸ் இதற்குப் பெயர் வைத்தபோது நேராக வயோலா என்றே எழுதினார், வயோலா என்னியஸ்பெர்மா. என்னியஸ்பெர்மா என்றால் ஒன்பது விதை. பிறகு தனி இனமாகப் பிரித்து ஹைபாந்தஸ் ஆக்கினார்கள், இப்போது சிலர் ஆஃப்ரோஹைபாந்தஸ் என்கிறார்கள். பெயர் மாறினாலும் குடும்பம் மாறவில்லை.

போடி மாதிரி எல்லையூரில் இதற்கு ஒரு கூடுதல் குழப்பம் உண்டு. மலையாளத்தில் ‘ஓரிலத்தாமர’ என்றால் அது வேறு செடி. ஒரே ஒரு வட்ட இலையைத் தரையோடு விரித்து வைத்திருக்கும் நெர்விலியா என்ற நில ஆர்க்கிட். ஓரிதழ் ஒன்று, ஓரிலை இன்னொன்று. தினமும் காலையில் ஜீப் ஏறி எல்லை தாண்டி ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போய் வரும் ஊரில், இரண்டு மொழியும் ஒரே வாயில் புழங்கும்போது ‘இதழ்’ எப்போது ‘இலை’ ஆகிறது என்று யார் கவனிப்பது?

கவனிக்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இது மருந்து. சித்த மருத்துவத்தில் ஆண்களுக்கான மருந்தாக ஓரிதழ் தாமரைக்குப் பெரிய பெயர். நாட்டு மருந்துக்கடையில் பொடியாகவே கிடைக்கும். யூடியூப் புண்ணியத்தில் இப்போது கரட்டுக்கே போய்ப் பறிக்கவும் ஆள் இருக்கிறது. மருந்துக்கு எடுப்பது சமூலம், அதாவது வேரோடு முழுச் செடி. விதை விழுவதற்கு முன்னால் பிடுங்கினால் அடுத்த மழைக்கு அந்த இடத்தில் முளைக்க ஒன்றும் இருக்காது. ஒரு சாண் செடிக்கு இது பெரிய இழப்பு.

இன்னொன்று, வீட்டில் கஷாயம் வைப்பவர்களுக்கு. வட இந்தியாவில் சளி இருமலுக்கு ‘பனஃப்ஷா’ என்று உலர்ந்த வயலட் பூவை விற்கிறார்கள். அங்கும் ஒடோரேட்டா என்ற பெயரில் பைலோசா உட்பட இமயமலை வயலட்கள் பல கலந்து வருகின்றன. ‘ஆப் வயலட்னு சொல்லுச்சு, வயலட் சளிக்கு நல்லதாம்’ என்று மலையில் கண்டதைப் பிடுங்கி வந்து கொதிக்க வைக்காதீர்கள். ஒடோரேட்டாவின் வேரும் விதையும் வாந்தி எடுக்க வைப்பவை. மருந்து வேண்டும் என்றால் சித்த மருத்துவரிடம் போங்கள், போனிடம் போக வேண்டாம்.

போட்டோ எடுப்பவர்களுக்கு

பூவின் முகத்தை மட்டும் எடுத்த ஒரு படத்தை வைத்து, மேத்யூவே வந்தாலும் அடித்துச் சொல்லியிருக்க முடியாது. அதனால் முகம் எடுத்த பிறகு போனைச் சாய்த்து, பக்கவாட்டில் வால் தெரியும்படி ஒன்று. பூவின் பின்பக்கம், புல்லி இதழின் நுனி கூரா மழுங்கலா என்று தெரியும்படி ஒன்று. ஒரு இலை முழுதாக, காம்போடு. இலைக்காம்பு தொடங்கும் இடத்தில் சின்னச் செதில் மாதிரி இருக்கும், பைலோசாவில் அது ஓரம் கிழித்துவிட்ட துணி போல நார் நாராகத் தெரியும், அதற்கு ஒன்று. கடைசியாகச் செடி தரையில் எப்படி இருக்கிறது, ஓடுதண்டு உண்டா, சுற்றிலும் புல்லா மரமா என்று காட்ட, இரண்டு அடி தள்ளி நின்று ஒன்று. அளவு தெரிய பக்கத்தில் விரலையோ ஒரு ரூபாய் நாணயத்தையோ வைக்கலாம். செடியைப் பிடுங்க வேண்டிய அவசியமே இல்லை.

லொகேஷனை ஆன் செய்துகொள்ளுங்கள். ‘ஐநேச்சுரலிஸ்ட்’ மாதிரி ஆப்களில் இடம் தெரிந்தால், அந்தப் பகுதியில் ஏற்கெனவே பதிவானவற்றுக்கு முன்னுரிமை கொடுத்துப் பெயர் சொல்லும். ஐரோப்பா தானாகப் பின்னால் போய்விடும். அதில் இன்னொரு வசதி, பெயரை மெஷின் மட்டும் முடிவு செய்வதில்லை. செடி தெரிந்தவர்கள் பார்த்து, குறைந்தது இரண்டு பேராவது ஒத்துப்போனால்தான் ஆய்வுக்கு உகந்த பதிவு என்று ஏறும். 2008இல் தொடங்கிய ‘இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டல்’ இணையதளத்திலும் போடலாம். பெயர் தெரியாவிட்டால் ‘வயோலா’ என்ற அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள். மிச்சத்தைத் தெரிந்தவர்கள் முடிப்பார்கள்.

எங்கே தேடுவது என்பதிலும் கவனம் வேண்டும். வயலட்களைப் பொதுவாக 5,000 அடிக்கு மேல்தான் எதிர்பார்க்கலாம், அதாவது போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி. டாப் ஸ்டேஷன், கொழுக்குமலை போன்ற இடங்களில் வழித்தடத்தை விட்டு இறங்காமலே கரையோரம் பார்க்கலாம். குரங்கணி வழியாகக் காட்டுக்குள் ஏறுவதென்றால் வனத்துறை அனுமதி கட்டாயம். 2018 மார்ச் 11 அன்று அந்த மலையில் பிடித்த தீயில் 23 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024இல் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ இணையதளத்தில் குரங்கணிப் பாதைக்கும் முன்பதிவு செய்து, வழிகாட்டியோடு போகலாம்.

மலைக்குப் போக நேரமில்லாதவர்களுக்கு ஓரிதழ் தாமரை இருக்கிறது. நல்ல மழை பெய்து பத்துப் பதினைந்து நாள் கழித்து, ஊர் ஓரத்துச் செம்மண் கரட்டில் குனிந்து பார்த்தால் போதும். ஒற்றை இதழ் கண்ணில் பட்டதும், மீதி நான்கையும் தேடி ஜூம் செய்யுங்கள்.